வீட்டிலே மாறுமா சயரோகம்?

சில நோய்களின் பெயரை உரத்துச் சொல்லவும் நம்மவர் அஞ்சுவர். அவற்றுள் முதலாவது சயரோகம். காசநோய் என வைத்தியசாலைப் பலகைகளில் எழுதப்பெறுவதும் இதுவே. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் கண்டுவிட்டால் அவருக்கென வேறு கோப்பை, வேறு பாய், வேறு மூலை. அயலார் அறியாவண்ணம் மறைப்பதற்கு ஆயிரம் உபாயங்கள். மணப்பருவத்துப் பெண் அவ்வீட்டில் இருந்தாலோ சொல்லவே வேண்டியதில்லை. மருந்து உண்டென்பதையும், ஒழுங்காக உண்டால் நோய் மாறுமென்பதையும் பலரும் அறிந்த இந்நாளிலும் இவ்வச்சம் முற்றாக நீங்கியபாடில்லை.

இவ்வச்சத்துக்குப் பழைய வைத்திய முறையும் ஒரு காரணம். நோயாளியை வீட்டினின்றும் பிரித்து, ஊருக்குப் புறத்தே மாதக் கணக்காக, சிலவேளை ஆண்டுக் கணக்காக வைத்திருப்பதே சரியான சிகிச்சை என்று ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக உலகம் நம்பி வந்தது. அவ்வாறு பிரிக்கத்தான் வேண்டுமா என்ற வினாவை முறைப்படி எழுப்பி, அதற்கு விடை கண்ட நகரம் சென்னை. தொடங்கிய ஆண்டு 1956. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது எந்த மருந்துக் கம்பனியும் அன்று. இந்தியாவினதும் பிரித்தானியாவினதும் பொதுப்பணமும், உலக நாடுகள் கூடி அமைத்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் பணமுமே அதனை நடத்தின. ஒரு நாட்டின் வரிப்பணம் மற்றொரு நாட்டின் நோயாளிக்காக ஏன் செலவிடப்படல் வேண்டும் என்ற கேள்வி மீண்டும் உரத்து எழுந்துள்ள இக்காலத்தில், அந்த வரலாற்றை நம் வீட்டாரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

சானட்டோரியக் காலம்

சயரோகத்தை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டதாக ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக், 1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆந் திகதி பேர்லின் நகரில் அறிவித்தார். நுரையீரலில் நோய் முற்றிய ஒருவர் இருமும்போதும் உரத்துப் பேசும்போதும் வெளிப்படும் நுண்ணிய துளிகளோடு கிருமி காற்றில் மிதக்கின்றது. காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் உடனிருப்பவர் அதனை மூச்சோடு உள்ளிழுக்கின்றார். கோப்பையாலும் தட்டாலும் பாயாலும் இந்நோய் பரவுவதில்லை. அவற்றை வேறாக்குவதனால் நோயாளியின் மனந்தான் நோகுமேயன்றி வேறு பயன் இல்லை.

கிருமி இன்னதென்று தெரிந்த பின்பும் அதனைக் கொல்லும் மருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை. ஆகவே ஓய்வு, தூய காற்று, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாயின. 1850 களில் சைலீசிய மலைப்பகுதியில் ஹெர்மன் பிறேமர் என்ற வைத்தியர் தொடக்கிய சானட்டோரிய முறை, ஐரோப்பாவெங்கும் பரவிப் பின் நம் பக்கத்துக்கும் வந்தது. சென்னைக்கு அண்மையில் தாம்பரத்தில் 1928 இல் டொக்டர் சௌரி முத்து ஒரு சானட்டோரியத்தை நிறுவினார். இன்றும் அவ்விடத்துப் புகையிரத நிலையத்தின் பெயர் ‘தாம்பரம் சானட்டோரியம்’ என்பதே.

இச்சிகிச்சை செல்வர்க்கு ஒருவாறு பொருந்தியது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத் தலைவன் ஓராண்டு படுக்கையிற் கிடந்தால் அவன் பிள்ளைகள் எதனை உண்பர்? கைக்குழந்தையை உடைய தாய் அதனை யாரிடம் விட்டுச் செல்வாள்? அன்றியும், செல்ல விரும்பியோர்க்கெல்லாம் அங்கே இடமும் இருக்கவில்லை. 1950 களின் நடுப்பகுதியில் இந்தியா முழுவதிலும் சயரோகிகளுக்கென இருந்த படுக்கைகள் ஏறக்குறைய இருபதினாயிரம். நோயாளரோ பல இலட்சம். எல்லோருக்கும் படுக்கை அமைப்பதென்றால் அந்நாட்டின் திறைசேரி முழுவதும் போதாது. எனவே பெரும்பாலான ஏழை நோயாளருக்கு எஞ்சியது காத்திருப்பு; அக்காத்திருப்பின் முடிவு பெரும்பாலும் மரணம்.

மருந்து வந்தது, ஐயமும் வந்தது

1943 இல் ஐக்கிய அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்திலே, ஆல்பேட் சாற்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். சயரோகக் கிருமியைத் தாக்கி வென்ற முதல் மருந்து அது. போரினால் வறுமையுற்றிருந்த பிரித்தானியா அதனைச் சிறிதளவே வாங்க முடிந்தது. நாட்டிலுள்ள நோயாளர் அனைவருக்கும் அது போதாது. யாருக்குக் கொடுப்பது? அந்நாட்டு அரசாங்கத்தின் வைத்திய ஆராய்ச்சிக் கழகம் இவ்விக்கட்டையே ஓர் ஆராய்ச்சிக்கு வாய்ப்பாக்கிக்கொண்டது.

பிறட்பேட் ஹில் என்ற புள்ளிவிபர அறிஞர் வகுத்த முறைப்படி 107 நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டனர். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு என்பதை வைத்தியர் தம் விருப்பப்படி முடிவுசெய்யவில்லை. கோயிலிலே திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பதில்லையா? ஏறக்குறைய அதுபோலவே நேர்ந்தபடி வகுத்தனர். இதன் நுட்பம் யாதெனின், நோய் குறைந்தவரையும் வசதி மிகுந்தவரையும் ஒரு பக்கத்திற் சேர்த்துவிடும் மனித மனத்தின் சாய்வு இம்முறையில் நீங்கிவிடுகின்றது. இரு பக்கமும் எல்லா வகையிலும் ஒத்திருக்கும். வேறுபாடு மருந்து ஒன்றே. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர். பெறாத 52 பேரில் இறந்தோர் 14 பேர். 1948 இல் வெளியான இந்த முடிவே இற்றைநாள் மருந்துப் பரிசோதனை முறைக்கு வழிகாட்டியாயிற்று.

ஆயின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பக்கத்தாருக்குமிடையே இருந்த வேறுபாடு பெரிதும் குறைந்திருந்தது. தனி மருந்தொன்றைக் கிருமி சில மாதங்களில் எதிர்த்து நிற்கப் பழகிவிடுகின்றது என்பதே அதன் காரணம். இரண்டு மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பும் கிருமியை மற்றது கொல்லும். சுவீடன் நாட்டில் உருவான பி.ஏ.எஸ். என்ற மருந்து இதற்குத் துணையாக வந்தது. 1952 இல் ஐசோனியசிட் என்னும் மாத்திரை வந்தது. இப்பொருளை 1912 இலேயே பிராக் நகரில் இரு வேதியியலார் ஆக்கியிருந்தனர். அதன் பயன் என்னவென்று அப்போது எவருக்கும் தெரியாது. பழைய பொருளாதலால் அதன்மேல் எவரும் தனியுரிமை கொண்டாட முடியவில்லை. மாத்திரை மலிவாயிற்று.

இங்கேதான் புதிய வினா பிறந்தது. வாயால் உட்கொள்ளும் மலிவான மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு? நெரிசலான வீட்டில், அரைவயிற்று உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்தை மட்டும் உண்டால் நோய் மாறுமா? மாறாவிடின் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது தொற்றிவிடாதா? பெரும்பாலான வைத்தியர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அது சோதித்து அறியப்பட்ட உண்மையன்று.

நால்வர் கூட்டு

1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் சயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அதனை நடத்தின. பிரித்தானியக் கழகத்தைச் சேர்ந்த டொக்டர் வோலஸ் பொக்ஸ் முதல் ஆண்டுகளில் அதற்குத் தலைமை தாங்கினார். கிருமியியல் ஆய்வுக்கு இலண்டனிலிருந்து டெனிஸ் மிச்சிசன் துணைநின்றார். தாதியர், ஆய்வுகூட ஊழியர், வீடு வீடாகச் செல்வோர், கணக்கெடுப்போர் எனப் பணியாற்றியவருள் மிகப் பெரும்பாலோர் அவ்வூர் மக்களே. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அந்நிலையம், பின்னர் இந்தியாவின் நிலையான ஆராய்ச்சிக்கூடமாகி இன்றும் இயங்குகின்றது.

பரிசோதனையின் அமைப்பு எளியது. சென்னை நகரின் ஏழை மக்களிடையே, சளியிற் கிருமி காணப்பட்ட 193 நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டு, நேர்ந்தபடி இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சகல வசதியும் உடைய சானட்டோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றப் பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் அதே ஐசோனியசிட், அதே பி.ஏ.எஸ்.; அதே அளவில், ஓராண்டு காலம் கொடுக்கப்பட்டன.

சானட்டோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவு, பூரண ஓய்வு, தாதியரின் கண்காணிப்பு யாவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோரோ ஓரறைக் குடிசைகளில் மனைவி மக்களோடு நெருங்கி வாழ்ந்தனர். பலர் சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பினர். அவர்களுடைய உணவோ மிக எளியது. அவர்கள் நிலையத்துக்கு வந்து மருந்தைப் பெற்றுச் செல்வர். ஊழியர் முன்னறிவித்தலின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்ப்பர். சிறுநீரைச் சோதித்து மருந்து உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்று அறிவர். எக்ஸ்-கதிர்ப் படமும் சளிப் பரிசோதனையும் ஒழுங்காக நடந்தன. நோயாளர் மட்டுமன்றி இரு பிரிவினரது குடும்பத்தாரும் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர்.

விடை

முடிவு 1959 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டிலே வெளியாயிற்று. ஓராண்டு முடிவில், சானட்டோரியத்திற் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டிற் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றின் பெருமை விளங்கும். காற்று, ஓய்வு, உணவு, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து ஈட்டிய மிகைப் பயன் மிகச் சிறியது. மீதிப் பெரும்பயன் அனைத்தும் மருந்தினால் வந்ததேயாம். சானட்டோரியத்தில் இருந்தோர் உடல் நிறையில் மிகுதியாக ஏறினர் என்பது உண்மை. ஆனால் உடல் பருத்தது வேறு, கிருமி ஒழிந்தது வேறு என்பதை ஆய்வுகூடம் தெளிவாகக் காட்டிற்று. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும், வீட்டில் மாறியவருக்கு நோய் மீளுதல் சானட்டோரியத்தில் மாறியவரைவிடக் கூடுதலாக இருக்கவில்லை.

எல்லாவற்றிலும் மேலாக மக்கள் அஞ்சிய கேள்வி குழந்தைகளைப் பற்றியது. நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு, நோயாளியைப் பிரிந்திருந்த குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றிற்றா? இல்லை. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரேயளவாகவே இருந்தது. காரணமும் புலப்பட்டது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னைய மாதங்களிலேயே தொற்றுப் பெரும்பாலும் நிகழ்ந்து விடுகின்றது. மருந்து தொடங்கியதும் சளியிலுள்ள கிருமி விரைந்து குறைகின்றது. ஆகவே அஞ்சப்படவேண்டியவர் மருந்துண்ணும் நோயாளர் அல்லர். இருமிக்கொண்டே வைத்தியரிடம் போகாதிருப்பவரே. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் நெடுங்காலக் கொடுமைக்கு வைத்திய நியாயம் அன்றோடு அற்றுப்போயிற்று.

1962 இல் இந்தியா தன் தேசிய சயரோகத் திட்டத்தை வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு வகுத்தது. காலப்போக்கில் செல்வ நாடுகளிலும் சானட்டோரியங்கள் மூடப்பட்டன. பல பொது வைத்தியசாலைகளாக மாறின. ஏழை நாடொன்றின் குடிசைகளிற் பிறந்த அறிவு செல்வ நாடுகளுக்கும் பயன்பட்டது. இத்தகைய கூட்டு முயற்சியைத் தருமம் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. பணம் கொடுத்தவனும் அதிற் பயன் பெற்றான்.

உடனிருப்பவன்

திருக்குறளிலே ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. நான்காமவனைச் சென்னை ஆராய்ச்சி புதிதாகக் கண்டுகொண்டது என்றே சொல்லலாம்.

ஓராண்டு மருந்துண்பது எளிதன்று. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், காய்ச்சல் விட்டுவிடும், பசி மீளும். நோய் மாறிவிட்டதென எண்ணி மருந்தை நிறுத்துதல் மனித இயல்பு. உள்ளே எஞ்சியுள்ள கிருமியோ மீண்டும் தலையெடுக்கும். சிலவேளை மருந்துக்கு மசியாத வலிமையோடு தலையெடுக்கும். இதனை அறிந்த சென்னை ஆராய்ச்சியாளர், மருந்தை நோயாளியின் கையிற் கொடுத்துவிடாமல், வாரம் இரண்டு முறை நிலையத்துக்கு அவரை வரச்செய்து, ஊழியரின் கண்முன்னே மருந்தைச் செலுத்தும் முறையைச் சோதித்தனர். 1964 இல் வெளியான முடிவின்படி அம்முறை, நாள்தோறும் வீட்டில் தாமே உண்ணும் முறைக்கு எவ்வகையிலும் குறைந்ததாக இருக்கவில்லை.

இன்று உலகமெங்கும் சயரோகச் சிகிச்சையில் ‘நேரடிக் கண்காணிப்பு’ என்று வழங்கும் முறைக்கு இது ஒரு முக்கிய ஊற்று. தன்சானியா நாட்டில் 1970 களின் இறுதியிலிருந்து கறெல் ஸ்ரிப்லோ என்ற வைத்தியர் இதனை ஒரு நாடு தழுவிய திட்டமாக நடத்திக் காட்டினார். 1990 களில் உலக சுகாதார ஸ்தாபனம் ‘டொட்ஸ்’ என்ற பெயரால் இதனைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. இலங்கையில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஊழியர் ஒருவர் எதிரே நின்று பார்க்க நோயாளி மாத்திரையை விழுங்கும் காட்சிக்குப் பின்னேயும் இந்த வரலாறே இருக்கின்றது.

சிகிச்சைக் காலத்தைச் சுருக்கிய பெருமை மற்றொரு கூட்டுக்கு உரியது. கென்யா, உகண்டா, தன்சானியா, சாம்பியா ஆகிய நாடுகளும் பிரித்தானியக் கழகமும் சேர்ந்து நடத்திய பரிசோதனையின் முடிவு 1972 இல் வெளியாயிற்று. றிபாம்பிசின் அல்லது பைரசினமைட் என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஆறு மாதச் சிகிச்சையே போதுமாகும் என அது காட்டிற்று. எனினும் றிபாம்பிசின் அப்போது விலையுயர்ந்த மருந்து. ஆபிரிக்க நோயாளர் உதவியால் கண்டறியப்பட்ட முறை, ஆபிரிக்க நோயாளர் பலருக்கு எட்டுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அறிவு பொதுச்சொத்தாயிருந்தும் மருந்து அவ்வாறு இருக்கவில்லை. இக்குறையை மறைத்துப் புகழ்ச்சி மட்டும் பாடுதல் முறையன்று.

தோல்வியும் பயன்தரும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனையையும் இங்கே கூறல் வேண்டும். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம், ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய இப்பெருமுயற்சியிற் பதிவு செய்யப்பட்டோர் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர். பல நாடுகளில் கோடிக் கணக்கானோருக்கு இடப்பட்டுவந்த ஊசி, வளர்ந்தோரின் நுரையீரற் சயரோகத்தை அங்கே தடுக்கவில்லை என்ற முடிவு 1979 இல் வெளியிடப்பட்டது.

இது எவரும் விரும்பிய முடிவன்று. எனினும் ஒளிவுமறைவின்றி வெளியிட்டனர். பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய வகைச் சயரோகங்களிலிருந்து காக்க அவ்வூசி பயன்படுகின்றது என்பது வேறு ஆராய்ச்சிகளால் உறுதியாகியுள்ளது. ஆதலினாற்றான் இலங்கையிற் பிறக்கும் குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. இடப்படுகின்றது. ஆனால் பெரியோரைக் காக்க அதனையே நம்பியிருக்கலாகாது என்பதைச் செங்கற்பட்டுக் கிராமத்து மக்களே உலகுக்கு உணர்த்தினர். விற்பனைக்குக் கேடு விளையும் என்று ஒரு முடிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் தேவை பொதுப்பணத்துக்கு இல்லை.

வணிகன் கேளாத வினா

இங்கே நாம் சிந்திக்கவேண்டிய பொருள் ஒன்றுண்டு. மருந்துக் கம்பனிகள் உலகுக்கு நன்மை செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. றிபாம்பிசின் முதலிய மருந்துகள் அவற்றின் ஆய்வுகூடங்களிலேதான் தோன்றின. ஆயின் கம்பனி கேட்கும் வினா ஒரு வகை. பொதுப்பணம் கேட்கும் வினா வேறு வகை. புதிய மருந்தை விற்க முடியுமா என்பது முன்னது. உரிமையாளன் இல்லாத மலிவான மாத்திரையைக் கொண்டு, படுக்கையுமின்றி, குடிசையிலே ஏழையைக் காப்பாற்ற முடியுமா என்பது பின்னது. இதற்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் எவருக்கும் இலாபம் இல்லை. ஆகவே இலாபத்தை நோக்கி வாழும் நிறுவனம் இதனைக் கேட்கப்போவதில்லை. அது அதன் குற்றமுமன்று, இயல்பு.

மறுபக்கத்தில் ஒரு கண்டனமும் உண்டு. வெள்ளைக்காரர் ஏழை நாட்டு மக்களைப் பரிசோதனைப் பொருளாக்கினர் அல்லவா என்று சிலர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே. சென்னைப் பரிசோதனையைப் பொறுத்தவரை, இரு பிரிவினருக்கும் அக்காலத்து நல்ல மருந்து ஒரே அளவிற் கொடுக்கப்பட்டது. மருந்தின்றி எவரும் விடப்படவில்லை. ஆராய்ச்சி அம்மக்களின் நோயைப் பற்றியது. அதன் முடிவு முதலில் அவர்களுக்கே பயன்பட்டது. ஆய்வுகூடமும் பயிற்சி பெற்ற ஊழியரும் அந்நாட்டிலேயே எஞ்சினர். எந்தக் கூட்டு ஆராய்ச்சியையும் இந்த அளவுகோல்களைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். எங்கிருந்தோ வந்து இரத்தமும் சளியும் எடுத்துக்கொண்டு போய்விடும் ஆராய்ச்சி இவ்வளவுகோலுக்கு நில்லாது.

இடையில் விட்டதன் விலை

வெற்றி கண்டதும் உலகம் சயரோகத்தை மறந்தது. 1986 இல் பிரித்தானியக் கழகம் தன் சயரோக ஆராய்ச்சிப் பிரிவை மூடிவிட்டது. பிற நாடுகளிலும் பணம் குறைந்தது. அதே காலத்தில் எயிட்ஸ் நோய் பரவி, மனித உடலின் எதிர்ப்பாற்றலைச் சிதைத்துச் சயரோகத்துக்குக் கதவு திறந்தது. செல்வம் கொழிக்கும் நியூயோர்க் நகரிலேயே 1992 இல் 3,811 பேருக்குச் சயரோகம் கண்டது. அவருட் பலருக்கு மருந்துக்கு மசியாத வகை. அந்நகரம் முன்பு மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு பணத்தைக் கொட்டியே நோயை மீண்டும் அடக்கவேண்டியதாயிற்று. 1993 இல் உலக சுகாதார ஸ்தாபனம் சயரோகத்தை உலகளாவிய அவசர நிலையாகப் பிரகடனஞ் செய்தது.

அதன்பின் பொதுப்பணம் ஓரளவு மீண்டது, பயனும் கிடைத்தது. 13 நாடுகளில் ஏறக்குறைய 2,500 பேரைச் சேர்த்து, ஐக்கிய அமெரிக்க அரசாங்க நிறுவனங்களின் ஆதரவில் நடந்த பரிசோதனையொன்று, சாதாரண சயரோகத்தை நான்கு மாதத்தில் மாற்றக்கூடிய மருந்துச் சேர்க்கையை 2021 இல் அறிவித்தது. சென்னை நிலையமும் சும்மா இருக்கவில்லை. அது பங்குகொண்டு, இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தின் பணத்தில், ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2023 இல் வெளியாயிற்று. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தபோது, அவர்களுக்குச் சயரோகம் காணுதல் நூற்றுக்கு 40 அளவிற் குறைந்தது. மருந்து நோயை மாற்றும் என்பது 1959 இல் அந்நிலையம் தந்த பாடம். உணவு நோயை வராமற் காக்கும் என்பது அதே நிலையம் 2023 இல் சேர்த்த பாடம். ஒன்றை ஒன்று மறுப்பதன்று; நிறைவு செய்வது.

எனினும் போர் ஓயவில்லை. 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு கோடியே எட்டு இலட்சம் பேருக்குச் சயரோகம் கண்டது. பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தனர். தக்க மருந்து இருக்கும் ஒரு நோயினால் இத்தனை மரணம்! இந்நிலையில் 2025 சனவரியில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அவ்வுதவியை நடத்திவந்த நிறுவனமும் அவ்வாண்டு யூலை மாதத்தோடு முடிவுக்கு வந்தது. அப்பணத்தை நம்பி நடந்த சயரோகப் பரிசோதனைகள் சில இடைநடுவில் நின்றன. 1986 இல் கற்ற பாடம் மீண்டும் கற்கப்பட வேண்டியதாயிற்று. அதன் விலையைச் செலுத்துவோர் அம்முடிவை எடுத்தவராயிருப்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

பெரிய நாடுகளின் கணக்குப் புத்தகத்தைத் திருத்த நம்மால் இயலாது. வீட்டிலுள்ள அச்சத்தைத் திருத்த இயலும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டால், தயங்காது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இலங்கையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. நோயாளிக்கு வேறு கோப்பை தேவையில்லை; திறந்த யன்னலும், வேளைக்கு மாத்திரையும், அதனை நினைவூட்டும் ஒரு மனிதரும் தேவை. வள்ளுவர் சொன்ன அந்த நான்காமவராக மனைவியோ மகனோ அயலவரோ இருக்கலாம்.

மாணவருக்கு ஒரு வார்த்தை. ஆராய்ச்சி என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளையே எண்ணுகின்றோம். சென்னையில் 1956 இல் இருந்தவை மலிவான இரு மருந்துகளும், சளிப் பரிசோதனைக் கூடமும், எக்ஸ்-கதிர்க் கருவியும், வீடு வீடாக நடந்த கால்களுமே. எல்லோரும் மெய்யென்று நம்பியிருந்த ஒன்றை ‘உண்மைதானா?’ என்று கேட்டு, விடை எதுவாயினும் ஏற்போம் என்று ஐந்து ஆண்டுகள் பொறுமையோடு எண்ணிப் பார்த்தனர். அவ்வினாவைக் கேட்பதற்கு ஊர் பேர் தெரியாத பலருடைய வரிப்பணம் உதவிற்று. அதன் பயனாகவே இன்று சயரோகம் கண்ட ஒரு தாய் தன் பிள்ளையை விட்டுப் பிரியாமல், தன் வீட்டிலேயே மருந்துண்டு மாறுகின்றாள்.